எலும்பு கடித்த மாடுகள்

என் முதல் வேலை ஒரத்தநாட்டுக்குத் தெற்கே ஒரு சிறிய ஊரில். பலகையில் கால்நடை மருந்தகம் என்று எழுதியிருக்கும். ஊரில் எல்லோருக்கும் அது மாட்டாஸ்பத்திரி. ஓடு வேய்ந்த இரண்டு அறை, மாட்டை நிறுத்திக் கட்ட முன்னால் ஒரு மரச்சட்டம், ஒரு கம்பவுண்டர், நான். சென்னையில் படிப்பை முடித்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. வயது இருபத்தைந்து.

ஆட்சி மாறிச் சில ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. சுவரெல்லாம் கறுப்பும் சிவப்பும். கீழத்தெருவில் மட்டும் மூங்கில் கழியில் தனிச் சிவப்பாக ஒரு கொடி. நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து பெரிய பண்ணைக்காரர்கள் நிலத்தைத் துண்டு துண்டாக்கி உறவுக்காரர்கள் பேருக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு அறுவடைக்கு அறுவடை சண்டை. நான் மாட்டு வைத்தியன், எனக்கும் இதற்கும் ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

புரட்டாசியில் ஒரு நாள் காலை, கீழத்தெருவைச் சேர்ந்த ஒரு பெண் ஒரு பசுவை ஓட்டிக்கொண்டு வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். ஊர் மிராசுதாரின் தொழுவத்தில் சாணம் அள்ளி, தீனி போட்டு, மாடுகளைத் திடலுக்கு ஓட்டிப் போய் மேய்த்து வருவது அவர் வேலை. அவரை அன்று நான் ‘நீ’ என்றுதான் கூப்பிட்டேன். அந்தத் தெருவிலிருந்து வரும் யாரையும் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், நானும் கூப்பிட்டேன். இப்போது எழுதும்போதுதான் ‘அவர்’ வருகிறது.

“மாடு எலும்பு கடிக்குதுங்க” என்றார்.

கம்பவுண்டர் சிரித்தார். நானும் சிரித்திருப்பேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. வாய்க்கால் கரையில் கிடக்கும் எலும்பு, சுடுகாட்டோரம் கிடப்பது, தங்கள் தெருவில் கறி சமைத்துக் கொட்டியது, எதைக் கண்டாலும் மாடுகள் வாயில் போட்டுக்கொண்டு வெகுநேரம் மென்றுகொண்டே இருக்கின்றன, பிடுங்கினால் விட மறுக்கின்றன, ஒரு மாடு மட்டுமல்ல, ஏழெட்டு மாடுகள் என்றார். ஆடி மாதத்திலிருந்து பார்க்கிறாராம். நடக்கும்போது கால் விறைத்துக்கொள்கிறது, சினை பிடிப்பதில்லை என்றும் சொன்னார். ஒரு நல்ல மருத்துவன் கேட்டு வாங்க வேண்டியதையெல்லாம் நான் கேட்காமலே சொன்னார்.

பசுவின் கீழுதட்டை விலக்கிப் பார்த்தேன். மாட்டுக்கு முன்பல் கீழே மட்டும்தான் உண்டு. அந்தப் பற்கள் வயதுக்கு மீறித் தேய்ந்து ஈறோடு ஈறாகக் கிடந்தன. பார்த்தவுடனே எனக்கு வகுப்பறை நினைவுக்கு வந்தது.

எங்கள் பேராசிரியர் இரண்டு விலா எலும்புகளைக் கொண்டுவந்து காட்டியிருந்தார். ஒன்றைப் பல நாள் அமிலத்தில் ஊறப்போட்டிருந்தார். அது கயிறு மாதிரி வளைந்தது. எங்கள் கண் முன்னால் அதை முடிச்சுப் போட்டார். மற்றதைத் தணலில் வெந்து வெளுக்க விட்டிருந்தார். பார்க்க முழு எலும்பு, விரலால் அழுத்தியதும் பொடிந்துபோனது. அமிலம் எடுத்துக்கொண்டது தாதுவை, நெருப்பு எடுத்துக்கொண்டது நாரை. காய்ந்த எலும்பில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் தாதுதான். அதிலும் பெரும்பகுதி கால்சியமும் பாஸ்பரஸும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பது. கொஞ்சம் கார்பனேட், கொஞ்சம் மக்னீசியம், சோடியம். பல்லும் அதே சரக்குதான், பல்லின் மேற்பூச்சில் தாதுவைத் தவிர வேறெதுவும் அநேகமாக இல்லை. எலும்பை வெறும் தூண் என்று நினைக்காதீர்கள், அது நெல் சேர்த்துவைக்கும் பத்தாயம் மாதிரி என்றார் அவர். கன்று வளரவும் பால் சுரக்கவும் பாஸ்பரஸ் வேண்டும். தீனியில் கிடைக்காவிட்டால் பசு தன் எலும்பிலிருந்தே எடுத்துக் கொடுக்கும். எடுத்த இடத்தை நிரப்ப வழியில்லாதபோது இன்னொரு பிராணியின் எலும்பைத் தேடிப் போகும்.

என் முன்னால் நின்றது அந்தப் பசுதான். ஒரு நிமிடத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது.

தவிடு வைப்பதுண்டா என்று கேட்டேன். தவிட்டில் பாஸ்பரஸ் நிறைய உண்டு, வைக்கோலில் இல்லை.

“தவிடு பூரா எண்ணெ மில்லுக்குப் போயிருதுங்க. வெறும் வைக்கலுதான்” என்றார். பிறகு, “எலும்புல அப்படி என்னங்க இருக்கு?” என்று கேட்டார்.

அதெல்லாம் உனக்குப் புரியாது என்றேன். குடற்புழு மருந்து ஒரு பொட்டலம் கொடுத்தேன். பண்ணையில் நான் சொல்லிக்கொள்கிறேன், நீ போ என்றேன். பதிவேட்டில் மட்டும் சரியாக எழுதினேன்: எலும்பு மெல்லுதல், பாஸ்பரஸ் குறைவு, தாதுஉப்பு தேவை. மாவட்ட அலுவலகத்துக்குத் தாதுஉப்பு கேட்டு ஒரு கடிதம் போட்டேன். வரவில்லை. இரண்டாவது கடிதம் நான் போடவில்லை.

மிராசுதார் வீட்டுக்கு அடுத்த வாரமே போக நேர்ந்தது, ஒரு எருமை கன்று ஈன முடியாமல் கிடந்தது. வேலை முடிந்ததும் கூடத்தில் உட்காரவைத்துக் காபி கொடுத்தார். சட்டத்தைப் பற்றியும் கூலியாட்களின் சங்கத்தைப் பற்றியும் நெடுநேரம் பேசினார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். தவிடு என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நீங்கள் மாட்டைச் சரியாக வைத்துக்கொள்ளவில்லை என்று அவர் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே எப்படிச் சொல்வது? இன்னொரு நாள் சொல்லலாம் என்று எழுந்து வந்தேன். அந்த இன்னொரு நாள் வரவில்லை.

கார்த்திகையில் வெள்ளம். ஒரு கிடை ஆடுகள் மூழ்கிச் செத்து அடித்துவரப்பட்டு, திடலோரத்துக் கோரைப்புல்லில் சிக்கிக் கிடந்தன. தண்ணீர் வடிந்த பிறகும் யாரும் புதைக்கவில்லை. ஆட்டுக்காரர் யாரென்று தெரியவில்லை, நிலம் யாருடையது என்பதில் தகராறு. அவை அங்கேயே அழுகி, பிறகு தையில் வெயிலில் காய்ந்தன.

தையில் அறுவடை நின்றது. கூலி பேசி முடியும் வரை அரிவாள் எடுப்பதில்லை என்று கீழத்தெரு முழுக்க உட்கார்ந்துவிட்டது. மிராசுதார் லாரியில் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்தார். வரப்பில் மறித்தார்கள். போலீஸ் வந்து பள்ளிக்கூடத்தில் தங்கியது. முன்னால் கொடி பிடித்து நின்றவர் அந்தப் பெண்ணின் கணவர். மாடு பட்டினி கிடக்கக் கூடாது என்று சங்கமே சொன்னதால், அந்தப் பெண் மட்டும் தினம் தொழுவத்துக்குப் போய் வந்தார். பிறகு எல்லாவற்றுக்கும் அதுவே காரணமாகக் காட்டப்பட்டது.

மறியல் தொடங்கிய மூன்றாம் நாள் காலை ஒரு பசு எழுந்திருக்கவில்லை. மதியத்துக்குள் இன்னும் நான்கு. நான் போனபோது ஐந்தும் நெஞ்சைத் தரையில் வைத்துக் கிடந்தன. கால்கள் துணி மாதிரித் தொய்ந்திருந்தன. நாக்கை வெளியே இழுத்து விட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளத் தெம்பில்லை. ஆனால் கண் தெளிவாக இருந்தது. அந்தப் பெண் அருகில் போனபோது அவரைப் பார்த்துக் காதை அசைத்தன. ஊசி போட்டேன், பயனில்லை. இரண்டு நாளில் ஐந்தும் செத்துப்போயின.

விஷம் வைத்துவிட்டார்கள் என்று மிராசுதார் புகார் கொடுத்தார். திடலில் வைத்தே பிரேதப் பரிசோதனை செய்தேன். அறுத்துக் கொடுத்தவர் பக்கத்து ஊர்க்காரர், யார் முகத்தையும் பார்க்காமல் வேலை செய்தார். குடலில் புண் இல்லை, ஈரல் நன்றாக இருந்தது, விஷம் தின்ற மாட்டில் இருக்க வேண்டியது எதுவும் இல்லை. முதல் வயிற்றில் வைக்கோலுக்கு நடுவே கையில் ஏதோ கடினமாகத் தட்டுப்பட்டது. ஆட்டின் முன்னங்கால் எலும்பு, பாதி. அதில் கறுத்த சதையும் தோலும் மயிரும் ஒட்டிக்கொண்டிருந்தன.

காய்ந்த எலும்பால் மாடு சாகாது. அழுகிய சதை ஒட்டிய எலும்பால் சாகும். அந்த அழுகலில் ஒரு கிருமி வளர்ந்து உண்டாக்கும் நஞ்சு நரம்புகளைக் கட்டிப்போட்டுவிடும். வேறெங்கோ தூரதேசத்து மேய்ச்சல் நிலங்களில் வருவதாகப் பாடப்புத்தகத்தில் அரைப் பக்கம் படித்திருந்தேன். அந்த அரைப் பக்கம் அப்படியே என் கையில் இருந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் மூக்கில் கைக்குட்டையோடு சற்றுத் தள்ளி நின்றார்.

“என்ன டாக்டர், விஷம்தானே?”

“தெரியல சார். ஆய்வுக்கு அனுப்பணும்.”

“விஷம் இல்லன்னு சொல்ல முடியுமா?”

“அப்படிச் சொல்ல முடியாது.”

“அது போதும்” என்றார்.

மாடுகளைப் புதைக்க வெட்டியிருந்த குழிக்குள் எலும்பைப் போட்டேன். அறிக்கையில், நோய்க்குறி எதுவும் வெளிப்படையாகத் தெரியவில்லை, நஞ்சாக இருக்க வாய்ப்புண்டு, இரசாயன ஆய்வுக்கு உட்பட்டது என்று எழுதினேன். எலும்பைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. எழுதினால், மாடு எலும்பு கடிப்பது உங்களுக்கு முன்பே தெரியுமா என்று கேட்பார்கள். தெரியும் என்று என் கையெழுத்திலேயே பதிவேடு சொல்லும். நான்கு மாதம் என்ன செய்தீர்கள் என்று அடுத்த கேள்வி வரும். மிராசுதாருக்குப் பயந்தேன், போலீஸுக்குப் பயந்தேன் என்று பிற்காலத்தில் எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. அது பாதிதான் உண்மை. நான் பயந்தது அந்தப் பதிவேட்டுக்கு.

அன்று பிற்பகலே அந்தப் பெண்ணின் கணவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மனைவி தொழுவத்துக்குப் போய் வருகிறாள், அவள் வைக்கும் தீனியில் அவளுக்குத் தெரியாமல் விஷத்தைக் கலந்துவிட்டான் என்பது வழக்கு.

அதற்கு நான்காம் நாள் அந்தப் பெண் மாட்டாஸ்பத்திரிக்கு வந்தார், இடுப்பில் பிள்ளையோடு. வாசலுக்கு வெளியே நின்றபடியே பேசினார்.

“நான் அன்னிக்கு வந்து சொன்னேனில்லங்க, மாட்டுக்கு ஒடம்பு சரியில்லன்னு? அத மட்டும் ஸ்டேஷன்ல சொல்லுங்க. முன்னாடியே சீக்கா இருந்துச்சுன்னு ஒரு வார்த்த.”

பதிவேடு என் மேசையில் இருந்தது. முழங்கையை அதன்மேல் ஊன்றிக்கொண்டு, ரிப்போர்ட் வரட்டும், அதுவரைக்கும் நான் எதுவும் சொல்லக் கூடாது என்றேன். அப்படியொரு விதி கிடையாது. அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கம்பவுண்டரிடம் ஏதோ மருந்துக் கணக்குக் கேட்பதுபோலத் திரும்பிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது அவர் போய்விட்டிருந்தார்.

இதைவிட எனக்கு வெட்கமானது ஒன்று உண்டு. அதே வாரம் மிராசுதாரிடம் போய், கோரையில் கிடக்கும் ஆடுகளை எரித்துவிடுங்கள், மாடுகளுக்குத் தினமும் தவிடும் உப்பும் வையுங்கள் என்று சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. ஐந்து மாடு செத்த பயத்தில் சொன்னபடி செய்தார். அதன் பிறகு ஒரு மாடும் சாகவில்லை. சித்திரைக்குள் எலும்பு கடிப்பதையும் விட்டன. எனக்குத் தெரிந்ததை வைத்து மாடுகளைக் காப்பாற்றிவிட்டேன். அந்த மனிதர் அப்போது சிறையில் இருந்தார்.

ஆய்வு முடிவு வர மாதங்கள் ஆயின. நஞ்சு எதுவும் இல்லை என்று வந்தது. வழக்கு நிற்கவில்லை, விட்டுவிட்டார்கள். ஆனால் சில விஷம் சோதனையில் தெரியாது என்று மிராசுதார் சொன்னார், ஊரும் அதையே சொன்னது. மாடுகள் செத்த காரணத்தை யாரும் சொல்லாதபோது ஊர் வேறு என்ன சொல்லும்? வெளியே வந்த கணவரை ஒரே ஒரு முறை பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். கீழ்த்தாடை ஒருபக்கமாக இழுத்திருந்தது, முன்பற்கள் இல்லை. பன்னைத் தேநீரில் நனைத்து நனைத்து வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்தார். நான் மறுபக்கம் நடந்துபோனேன். அவர்கள் குடியிருந்த மனை பண்ணைக்குச் சொந்தமானது. அந்த ஆடிக்குள் காலி செய்துகொண்டு கிழக்கே எங்கோ போய்விட்டதாகக் கம்பவுண்டர் சொன்னார். அடுத்த ஆண்டு எனக்கு வேறு மாவட்டத்துக்கு மாற்றல் வந்தது.

இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடின. பதவி உயர்ந்து திரும்பத் தஞ்சாவூருக்கே வந்தேன். கோழித் தீவனத்தில் சேர்க்க மீன் தூள் வாங்குவதற்காக அதிராம்பட்டினத்தில் ஒரு கருவாட்டுக் களத்தைப் பார்க்கப் போயிருந்தேன். மணலில் பாய்களை விரித்துச் சிறு மீன்களைக் காயப்போட்டிருந்தார்கள். நாலைந்து பெண்கள் குனிந்து அவற்றைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் நிமிர்ந்து என்னையே பார்த்தார். தலை பாதிக்குமேல் நரைத்திருந்தது.

“மாட்டாஸ்பத்திரி டாக்டருங்களா?” என்றார்.

குரலில்தான் எனக்கு அடையாளம் தெரிந்தது. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். கணவர் இறந்து எட்டு வருடமாகிறது என்றார். மகன் இங்கேயே படகிலிருந்து மீன் இறக்கும் வேலை செய்கிறான், மருமகள், இரண்டு பேரப் பிள்ளைகள். எல்லாவற்றையும் சாதாரணமாகச் சொன்னார். என் வேலை, பிள்ளைகள் எல்லாம் விசாரித்தார். அதற்குள் மற்ற பெண்கள் தள்ளிப் போயிருந்தார்கள். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“ஒண்ணு கேக்கலாங்களா? இப்ப யாருக்கும் எந்தக் கெடுதியும் வரப்போறதில்ல. அது என்ன வெஷமுங்க?”

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது பக்கத்தில் கவிழ்த்திருந்த கூடைமேல் உட்கார்ந்தேன்.

“வெஷமில்லம்மா” என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். எலும்பில் என்ன இருக்கிறது, மாடு ஏன் அதைத் தேடியது, வெள்ளத்தில் வந்த ஆடுகள், வயிற்றிலிருந்து நான் எடுத்த அரை எலும்பு, அதில் ஒட்டியிருந்த மயிர், நான் அதைக் குழியில் போட்டது, பதிவேட்டில் எழுதியிருந்தது. அவர் கையில் இருந்த மீன்களைப் பாயில் வைத்துவிட்டு மணலில் உட்கார்ந்துகொண்டார்.

“அப்ப அவரு செய்யலிங்களா?”

“இல்லம்மா. யாரும் செய்யல.”

பாய்க்கு வெளியே விழுந்திருந்த ஒரு மீனை எடுத்து உள்ளே போட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“செய்யலன்னுதான் சொன்னாரு. கடசி வரைக்கும் சொன்னாரு. நான் நம்பலிங்க. மறியல் கோவத்துல செஞ்சுட்டாரு, எங்கிட்ட மறைக்கிறாருன்னே நெனச்சேன். நான் தீனி வெச்ச மாடுங்க. அந்தக் கோவத்துல எத்தனயோ நாளு அவருகூடப் பேசாமக் கெடந்திருக்கேன்.”

ஊர் சொன்னதைக் கேட்டா அப்படி நினைத்தீர்கள் என்று கேட்டேன்.

“ஊரு ஆயிரம் சொல்லும். நான் ஒங்கள வெச்சுத்தாங்க நெனச்சேன். நீங்க படிச்சவங்க, மாட்டோட வாயத் தொறந்து பாத்தவங்க. சீக்குல செத்திருந்தா நீங்க சொல்லிருப்பீங்க. சொல்லலன்னா, உள்ள வெஷத்தப் பாத்திருக்கீங்க, எங்களுக்குப் பாவம் பாத்துட்டு வாய மூடிக்கிட்டீங்கன்னு நெனச்சேன்.”

என் மௌனத்தால் ஒரு மனிதர் சில மாதம் சிறையில் இருந்தார், பல்லை இழந்தார், வீட்டை இழந்தார் என்பது எனக்கு எப்போதும் தெரியும். அதோடு கணக்கு முடிந்தது என்று நினைத்திருந்தேன். அவர் வீட்டுக்குள்ளேயே என் மௌனம் குடிபோயிருந்தது எனக்குத் தெரியாது. என்மேல் அந்தப் பெண் வைத்த மரியாதைதான் அவர் கணவர் மேல் வைக்க வேண்டிய நம்பிக்கையைத் தின்றிருக்கிறது.

மன்னிப்பு என்ற சொல்லை நான் சொல்லத் தொடங்கினேன். அவர் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. எழுந்து, கரைப் பக்கம் பார்த்து மகனைக் கூப்பிட்டார். ஈரக் கையைத் துடைத்தபடி ஒருவர் வந்தார், முப்பது வயதுக்குள்.

“இவரு சொல்றதக் கேளு. ஒங்கப்பா மாட்டுக்கு வெஷம் வெக்கல” என்றார் மகனிடம்.

நான் மறுபடியும் சொன்னேன். இரண்டாம் முறை சொல்வது முதல் முறையைவிடக் கடினமாக இருந்தது, அது என் காதிலேயே ஒரு சின்ன விஷயம் போலக் கேட்டது. ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

“அப்பவே ஏன் சொல்லலிங்க?” என்று கேட்டார் மகன்.

“பயந்துட்டேன் தம்பி.”

“என்ன பண்ணிருப்பாங்க ஒங்கள?”

யோசித்துப் பார்த்தேன். ஒரு விளக்கம் கேட்டிருப்பார்கள். மிஞ்சிப்போனால் ஒரு ஊதிய உயர்வு நின்றிருக்கும், வேறு ஊருக்குத் தூக்கிப் போட்டிருப்பார்கள். அதை அவரிடம் அப்படியே சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். சரிங்க என்று மட்டும் சொன்னார். அம்மாவை ஒருமுறை பார்த்தார். படகில் ஆள் கூப்பிட்டதும் போய்விட்டார்.

“வெயில்ல ஒக்காராதீங்க, வண்டிக்குப் போங்க” என்றார் அந்த அம்மா என்னிடம்.

நான் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தேன். அவர் திரும்பவும் பாய்க்கு அருகில் போனார். மற்றவர்கள் மீனைப் புரட்டிக்கொண்டே அடுத்த பாய்க்கு நகர்ந்துவிட்டார்கள், அவர் மட்டும் குனியாமல் கடலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

அடுத்த வாரம், நடந்த அத்தனையையும் ஒரு பிரேதப் பரிசோதனை அறிக்கை எழுதுவதுபோலவே இரண்டு பக்கத்தில் எழுதினேன். கையெழுத்துப் போட்டு, களத்து முகவரிக்கு, அவர் மகன் பேருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பெற்றுக்கொண்டதற்கான அட்டை திரும்பி வந்தது, பெருவிரல் ரேகையோடு. மகனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதா, அல்லது வாங்கியது அம்மாவா என்று எனக்குத் தெரியவில்லை. யாராவது அதை அவர்களுக்குப் படித்துக் காட்டினார்களா என்பதும் தெரியாது. போய்ப் பார்த்துக் கேட்டிருக்கலாம். தஞ்சாவூரிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம்தான். ஓய்வு பெறும் வரைக்கும் ஒவ்வொரு மாதமும் போக வேண்டும் என்று நினைத்தேன், போகவில்லை.